2317 உள்ளே

மதியம் இரண்டு மணி. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலிருந்து மூடிக் கிடக்கிற தங்கச் சுரங்க ஷாப்ட் பக்கம் போகிற ரோடு. ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைக்கிறீர்கள், பாவம். சுரங்கத்துக்காரர்களுக்கு ஏது ராத்திரி, ஏது பகல்? ஷிப்ட்தான்.

வீடு திரும்புகிற இந்த ராத்திரி ரயில் இப்போதைக்கு நகராது. லைட்டும் போய்விட்டது. ஷைலஜா, கொஞ்சம் தள்ளி உட்கார், வரதன் சாருக்கும் இடம் கொடு. கதை நம்ம சுனிலுடைய பெரியம்மா பையன் எல்வினுக்கு நடந்தது. தினமும் அந்தக் கதவோர சீட்டில் வருவானே, அவன்தான்.

எல்வினுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு வீட்டுப் பத்திரம் வாங்கித் தருகிற சங்கம் ஒன்று, அந்த ஷாப்ட் பக்கத்தில், முன்பு ஷிப்ட் வருகை பதிந்த பழைய டைம் ஆபீசில் நடக்கிறது. சுனில் அங்கே எழுத்தர். சங்கத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், யூனிக்ஸ் மெஷினில் டைரக்டரி சர்வர் போட்டுக் கொடுத்தான் எல்வின். பெரிய மந்திரம் இல்லை. ஆளுக்கு ஒரு பதிவு, ஒரு எண், ஒரு பாஸ்வேர்டு. யார் எதைத் திருத்தலாம் என்று சில விதிகள். எண்ணுக்கு அவரவர் பழைய டோக்கன் எண்ணையே கொடுத்தான். தனக்கு, எதையும் திருத்துகிற உரிமையோடு, சுரங்கத்தில் யார் டோக்கனிலும் அடிக்காத எண்ணாகப் பார்த்து 9001. நிலை என்று ஒரு கட்டம்... உள்ளே, வெளியே. நம் ஊர்ப் பிள்ளை அல்லவா, புத்தி அப்படித்தான் போகும்.

டோக்கன் சங்கதி தெரியும்தானே? கீழே இறங்குமுன் பலகையில் தன் ஆணியிலிருந்து பித்தளை டோக்கனை எடுக்க வேண்டும். மேலே வந்ததும் தன் கையால் மாட்ட வேண்டும். இன்னொருத்தர் டோக்கனை மட்டும் மாட்டவே கூடாது. மாட்டினால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் கீழே யாரும் தேட மாட்டார்கள்.

எல்வினுடைய அப்பா சௌந்தரராஜன், 2317. அவனுக்கு நாலு வயதாக இருந்தபோது கீழே பாறை வெடித்து... உடம்பு கிடைக்கவில்லை. அவருடைய ஆணி கடைசி வரை காலிதான். அதனால் சர்வரிலும் அவர் உள்ளே.

"உள்ளேன்னு கீற பேருக்கு பத்திரம் வராது," என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மா சரோஜம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிற வீடு. போனால் தெருதான். ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு, அதே டைம் ஆபீசில், எல்வின் ஒரே ஒரு வரி தட்டினான். 2317, வெளியே. "எனக்கு ஒண்ணும் தோணல சுனிலு. பன்னு துன்னுகினே தட்டுனேன்," என்றானாம்.

அப்போது... டிங். டிங். டிங். மூடின ஷாப்டிலிருந்து, ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் மணி. ஈரக் கல் வாசனை. கொஞ்சம் வெடிமருந்துப் புகை. ஸ்கிரீனில் 2317 மறுபடியும் உள்ளே. மாற்றினான். மறுபடியும் உள்ளே. யார் மாற்றியது என்று, சர்வர் தானே எழுதி வைக்கிற லாக்கில் பார்த்தான். 2317. அந்தப் பதிவுக்கு அவன் பாஸ்வேர்டே கொடுக்கவில்லை. அறையில் ஒரே கீபோர்டு, அதுவும் அவன் கையடியில்.

நாமாக இருந்தால் ஓடியிருப்போம். விதிகளில் ஒரு வரி இருந்தது, தன் பதிவைத் தானே திருத்தலாம் என்று. அதை எடுத்துவிட்டு சர்வரைத் திரும்பக் கிளப்பினான் எல்வின். 2317 வெளியே. அப்படியே நின்றது.

பத்திரம் வந்தது. சரோஜம்மா அதைத் தடவிப் பார்த்தார்.

"அப்பா மேல வந்துட்டாருன்னு எழுதிட்டியாடா?"

"ஆமாம்மா."

"அப்ப இன்னும் ஏன் வூட்டுக்கு வர்ல?"

 அவன் பத்திரத்தை வாங்கி மடித்துப் பெட்டியில் வைத்தான். எனக்கு அதுதான் பயம்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு லாக்கில் ஒரு வரி. 2317... அனுமதி இல்லை. அதே நிமிஷம் வீட்டில் பின்கதவு தட்டும். சரோஜம்மா திறப்பார். யாரும் இல்லை. படியில் பூட்ஸ் ஈரம் மட்டும். கீழேயும் விடவில்லை, வீட்டுக்கும் வர முடியவில்லை. அந்த மனுஷன் எங்கேதான் போவார்?

"அந்த வரிய திரும்பப் போட்ரு எல்வினு," என்று சுனில் கெஞ்சினான்.

"போட்டா வூடு பூடும்," என்றான். குரலில் ஒன்றுமே இல்லையாம்.

நேற்று ஞாயிறு. எல்வின் வீட்டில்தான் இருந்தான். இரண்டு மணிக்கு லாக்கில் அந்த வரி வரவில்லை. கதவும் தட்டவில்லை. சரோஜம்மா தானாகவே போய்த் திறந்தார். கதவின் வெளிப்பக்கம், ஆணியில், ஒரு பித்தளை டோக்கன். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பல வருஷம் கைபட்டு ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. அவருடையதுதான் என்று அழுதுகொண்டே முந்தானையால் துடைத்தார்.

எண் 9001.

எல்வின் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "சரி" என்றான். அவ்வளவுதான்.

இன்று காலை ரயிலில் அவன் வரவில்லை. பார்த்தீர்களா, இப்போதும் அந்த சீட் காலி. சாயந்திரம் சுனில் போன் செய்தான். சர்வரில் 9001, உள்ளே. மாற்றியது 9001. நேரம், மதியம் இரண்டு.

ஏதோ தப்பாக விழுந்திருக்கிறது, வெளியே என்று மாற்றிவிடு என்று சங்கத்தில் சொல்கிறார்கள். சுனில் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். மாற்றிவிட்டால்... அப்புறம் யார் தேடுவார்கள்?