முன் இருக்கைக்காரன்

இரட்டை சைக்கிளில் பின்னால் உட்காருகிறவனுக்குப் பிரேக் கிடையாது, ஐயா. ஹேண்டில் இருக்கும், திரும்பாது. மிதிப்பது மட்டும்தான் அவன் வேலை. இது தெரியாதவர்கள்தான் பத்திரிகையில் எழுதுகிறார்கள்.

பார்வையில்லாதவன் பந்தயம் ஓட்டுகிறான் என்று எல்லோரும் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கைகால் நீவிவிடும் வேலையில் இருந்தவன். சைக்கிள் கடை வைத்திருந்த நான்தான் அவனை முதன்முதலில் பின்னால் ஏற்றினேன். அன்றைக்கே இருவரும் விழுந்தோம். முழங்கையில் ரத்தத்தோடு அவன் சிரித்தான். சிரிக்க அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எட்டு வருஷம். மூன்று தேசியப் பட்டம், வெளிநாட்டில் ஒரு வெள்ளி. வளைவு, மேடு, மிதிக்காதே என்று நான் சொல்வேன், அவன் செய்வான். படத்தில் மெடலைக் கடித்துக்கொண்டு நிற்பது அவன். ஓரத்தில் பாதித் தோளோடு வெட்டுப்பட்டிருப்பது நான். பேட்டி எடுக்க வந்த பெண் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, பாத்ரூம் எங்கே என்பது. எனக்குப் பொறாமை என்று நினைக்காதீர்கள். பொறாமைப்பட எதிரில் இருப்பவன் நமக்குச் சமமாக இருக்கவேண்டும்.

போன மாதம் பயிற்சி முடிந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தான். "மேடு வந்தா உங்க கால் சும்மா சுத்துது. ரெண்டு வருஷமாவே. செயின்ல எனக்குத் தெரியுது."

"கோச்சுகிட்ட சொல்லிட்டியா?"

"உங்ககிட்ட சொல்லாம எப்படி? அடுத்த போட்டிக்கு வேற ஆள் முன்னாடி உக்காரட்டும். நீங்க மெக்கானிக்கா கூடவே வாங்க. உங்கள நான் விட்டுட மாட்டேண்ணே."

என்னை அவன் விட்டுவிட மாட்டானாம்.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றேன். நான்கு நாள் யோசித்தேன்.

ஐந்தாம் நாள் காலை மலைப்பாதையில் ஏறினோம். உச்சிக்கு வந்ததும், டயரில் காற்று குறைகிறது என்று நிறுத்தினேன். அங்கே தடுப்புச் சுவர் ஒரு கார் நீளத்துக்கு இடிந்துகிடக்கிறது. நீங்களே போய்ப் பார்த்திருக்கிறீர்கள்.

"நடுரோட்ல நிக்காத. எடது பக்கம் ரெண்டு எட்டு தள்ளி நில்லு."

ஒரு எட்டு வைத்து நின்றான். முகத்தைக் கொஞ்சம் தூக்கினான்.

"அண்ணே, காத்து கீழேர்ந்து வருதே."

"நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல. இன்னும் ஒரு எட்டு."

"சரிண்ணே" என்று வைத்தான்.

என் விரல்கூட அவன்மேல் படவில்லை. கால் தவறிவிட்டது என்று சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்டு வருஷமா அவருக்குக் கண்ணா இருந்தீங்களே" என்று அழுதாள். நானும் கூட அழுதேன். அதோடு முடிந்திருக்கும்.

நேற்று இரங்கல் கூட்டத்தில் கோச் மைக்கைப் பிடித்தார். பெடலில் பொருத்திய கருவியில் யார் எவ்வளவு மிதித்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறதாம். "முன்னாடி இருந்தவர் கடைசி ரெண்டு வருஷமும் வெறும் சுமைதான். ரெண்டு பேரையும் அவன் ஒருத்தனே இழுத்தான்" என்றார். முந்நூறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்று காலை அந்த மேடு முழுவதும் நான் மிதித்தேன், ஐயா. கருவியை வாங்கிப் பாருங்கள். அதையும் சேர்த்து எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன்.