செயலாளர் ஓக் மி-ரான் பேச வேண்டிய வியாழன்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத்தின் முன்னாள் தலைவர்களே, சியோலில் இருந்தும் தேகுவில் இருந்தும் ரயிலேறி வந்திருக்கும் சகோதரக் கிளைகளின் பெரியோர்களே, முன்வரிசையில் துணைவியாரை இழந்து அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய மா ஜங்-பே அவர்களே, அவருடைய உறவினர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் என் தோழர்களே! பூசான் திட்ட மேலாளர்கள் சங்கத்தின் தலைவன் பியோ ஜே-கோன் உங்கள் எல்லாருக்கும் தலைவணங்குகிறேன். வருக என்று சொல்ல வாய் வரவில்லை, மன்னியுங்கள்.

இந்த மண்டபத்தை நாம் இரங்கல் கூட்டத்துக்காகப் பிடிக்கவில்லை. இது உங்களில் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜூலை மாதமே இதற்கு முன்பதிவு செய்தோம். அக்டோபர் கடைசி வியாழன், மாலை ஏழு மணி, பேசுபவர் செயலாளர் ஓக் மி-ரான் அம்மையார். இன்று அக்டோபர் கடைசி வியாழன். மணி ஏழு அடித்துவிட்டது. பேச வேண்டியவர் அதோ, வெள்ளைச் செவ்வந்திகளுக்கு நடுவே படமாக இருக்கிறார். பேசத் தெரியாத நான் மைக் முன்னால் நிற்கிறேன். இது என்ன நியாயம்?

மா ஐயாவின் உறவினர்கள் வந்திருக்கிறீர்கள். நாங்கள் யார், என்ன வேலை செய்கிறோம் என்று நீங்கள் நினைக்கலாம். பாலம் கட்டுகிறவர்கள் நாங்கள் இல்லை. மருத்துவமனை கட்டுகிறவர்களும் இல்லை. யார் எப்போது வர வேண்டும், எது முடிந்தால் எது தொடங்க வேண்டும் என்று எல்லார் உயிரையும் வாங்குகிறவர்கள் நாங்கள். குறித்த நாளில் முடிந்தால் பூமாலை பொறியாளருக்கு. முடியாவிட்டால் திட்டு எங்களுக்கு. அப்படித் திட்டு வாங்கியவர்களெல்லாம் கூடி வைத்துக்கொண்டதுதான் இந்தச் சங்கம்.

இந்தச் சங்கத்துக்கு உயிர் கொடுத்தது யார்? நானா? தலைவர் என்று என்னை உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தேன். ஆண்டுக்கொரு மாநாடு, ஆளுக்கொரு துண்டுக் கேக், குழுப்படம். அவ்வளவுதான் இருந்தது. துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் நிறுவும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் செயலாளராக வந்தார். வந்த முதல் கூட்டத்திலேயே என்னைப் பார்த்துக் கேட்டார்.

“தலைவரே, இங்க எல்லாரும் ஜெயிச்ச கதையாவே சொல்றீங்களே, தோத்தவன் எங்க போய்ச் சொல்லுவான்?”

“தோத்தவன் வீட்டுல போய் படுத்துக்குவான், செயலாளரம்மா.”

“அதான் ஒருத்தன் விழுந்த அதே குழியில அடுத்தவனும் விழறான்.”

அன்றைக்குப் பிறந்ததுதான் தோல்வி வியாழன். இந்த ஊர் சோரியாங் பகுதியில் ஒரு பன்றிச் சூப்புக் கடைக்கு மேல்மாடி. மாதத்தின் கடைசி வியாழன் ஒருவர், தான் கெடுத்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விதிகள் அம்மையார் போட்டவை. சொல்கிறவர் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும், அவன் கெடுத்தான் இவன் கெடுத்தான் என்று சொல்லக்கூடாது. கேட்கிறவர்கள் ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்கலாம். கதை முடிந்ததும், இடப்பக்கம் இருப்பவர் அதிலிருந்து தனக்கென்ன எடுத்துக்கொள்கிறார் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, ‘பரவாயில்லை’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது! அம்மையார் கையில் மூடி போட்ட ஓர் எவர்சில்வர் சோற்றுக் கிண்ணம் இருக்கும். யாராவது எடுத்தால் அதன் மூடியில் கரண்டியால் ஓங்கித் தட்டுவார். மேலே தட்டினால் கீழே சூப்புக் குடிப்பவன் நிமிர்ந்து பார்ப்பான்.

நான் ஒருமுறை சண்டைக்கே போனேன். “ஏம்மா, மனுஷன் அழுதுட்டு உட்கார்ந்திருக்கான், ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றேன்.

“பரவாயில்லன்னு சொன்னா அவனும் வாயை மூடிக்குவான், நாமளும் வீட்டுக்குப் போயிடலாம் தலைவரே. அடியில கெடக்கிறது அடியிலயே கெடக்கும்.”

இதோ, மைக் பெட்டி பக்கத்தில் நிற்கிறானே குக் தே-யோன், அவன் கதையைச் சொல்லட்டுமா? தே-யோன், முறைக்காதே, நீயே எல்லா ஊரிலும் சொல்லியிருக்கிறாய். மீன் சந்தைக்குக் குளிர்க் கிடங்கு கட்டும் வேலை இவனுடையது. சொன்ன நாளில் முடித்தான். மேளதாளம், நாடா வெட்டு எல்லாம் ஆயிற்று. மறுநாள் காலையில் மீன்காரம்மாக்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், வண்டி கதவுக்குள் நுழையவில்லை! வியாழக்கிழமை வந்து உட்கார்ந்தான்.

“வரைபடம் போட்டவங்க வந்து…” என்றான்.

“யாரு?” என்றார் அம்மையார்.

“சந்தை நிர்வாகம் சொன்ன அளவு…”

“யாரு?”

“கதவு குடுத்த கம்பெனி…”

“யாருப்பா?”

“நான்தான்க்கா. நான் வண்டியை அளக்கவே இல்ல. அங்க போய் ஒரு நாள் நின்னு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். மீன் நாத்தம்னு போகல.”

எங்களில் ஒருவர் மனசு தாங்காமல் “பரவாயில்லப்பா” என்றார். டங்! கிண்ணம் அதிர்ந்தது. இடப்பக்கம் இருந்தவர் அப்போது ஒரு மருத்துவமனைக் கட்டட வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ஆளனுப்பி நோயாளிக் கட்டில்களை அளந்து, மின்தூக்கி வாசலை மாற்றச் சொன்னார். இந்த ஊரில் இன்று எத்தனையோ பேர் படுத்த கட்டிலோடு மேல்மாடி போய் வருகிறார்கள். அவர்களுக்கு ஓக் மி-ரான் யார் என்று தெரியாது, மீன் வண்டியைப் பற்றியும் தெரியாது.

தோழர்களே! அவர் புகழை இரவு முழுக்கப் பேசலாம். பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது. இன்று வியாழன். இந்த மேடையில் புகழ் பாடினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் ஒரு தோல்வியைச் சொல்கிறேன். விதிப்படியே சொல்கிறேன்.

இந்த ஆண்டு வசந்தத்தில் அம்மையாருக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. நாம் என்ன செய்தோம்? அழுதோமா? அழவில்லை. நாம் யார்! கமிட்டி போட்டோம். அவரைக் குணமாக்குவதையே ஒரு திட்டமாக எடுத்துக்கொண்டோம். சியோல் மருத்துவமனைக்கு ரயிலில் கூடப் போக ஒரு குழு. கஞ்சிக்கு ஒரு குழு, ஒரு நாள் கடல்நத்தைக் கஞ்சி, ஒரு நாள் பூசணிக் கஞ்சி. மா ஐயாவுக்கு வீட்டு வேலை ஓயட்டும் என்று ஒரு குழு. சூப்புக் கடை மேல்மாடிச் சுவர் முழுக்கக் கட்டம் போட்டு, நடந்தால் பச்சை, தாமதமானால் சிவப்பு என்று வண்ணம் தீட்டினோம். வாரா வாரம் கூடி, எது நடந்தது, எது தாமதம் என்று பார்த்தோம். எல்லாக் கட்டமும் பச்சை! என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக நடந்த திட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஜூலை மழையில், தலைமுடி கொட்டியதை மறைத்த தொப்பியோடு, அம்மையார் மாடியேறி வந்தார். சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“என்ன தலைவரே, பாலம் கட்டற மாதிரி என்னைக் கட்டறீங்க?”

“பாலத்தைவிட நீ முக்கியம்மா.”

“ஒரு கட்டம்கூடச் சிவப்பு இல்லயே. தர்பூசணி.”

எங்கள் சங்கத்தில் தர்பூசணி என்றால் வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. நல்லபடியாக நடக்கிறது என்று மேலிடத்துக்குப் பொய் எழுதும் அறிக்கைக்கு அவர்தான் அந்தப் பெயர் வைத்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் தன் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. கதை சொல்கிறவர் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“இந்த மாசம் நான் பேசறேன். என்கிட்டயும் ஒண்ணு இருக்கு.”

“உங்ககிட்டயா! தோல்வியா! போங்கக்கா” என்றான் தே-யோன். மறுபடி சிரிப்பு.

“இருக்குப்பா. ரொம்ப நாளா இருக்கு.”

நான் சொன்னேன், சங்கத் தலைவனாகச் சொன்னேன்: “செயலாளரம்மா, உனக்கு இப்ப ஓய்வுதான் வேலை. சிகிச்சை செப்டம்பர்ல முடியுது. அக்டோபர் கடைசி வியாழன் பெரிய மண்டபமா பிடிப்போம். சியோல்ல இருந்தெல்லாம் வருவாங்க. இந்த மழையில பன்னெண்டு பேருக்கு முன்னால எதுக்குப் பேசணும்?”

“இந்தப் பன்னெண்டு பேர் போதும் தலைவரே.”

“பரவாயில்லக்கா, உடம்பு தேறட்டும்” என்றது ஒரு குரல். அக்டோபருக்குத் தள்ளிவைப்பதை ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். தூக்கினோம். ஒரு கைகூடக் குறையவில்லை. அத்தனை கையையும் அவர் பார்த்தார். யார் மீதும் கோபப்படவில்லை. “கமிட்டி முடிவு பண்ணா செயலாளர் கட்டுப்படணும்” என்றார். மேசைமேல் இருந்த கிண்ணத்தைத் தன்னிடம் இழுத்தார். கரண்டியால் ஒரே ஒரு தட்டு. டங்! நாம் வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டினோம்.

செப்டம்பரில், அறுவடைத் திருநாள் முடிந்த வாரம், அவர் போய்விட்டார். அன்றைய தேதியிலும் சுவரில் எல்லாக் கட்டமும் பச்சையாகத்தான் இருந்தது.

என்ன தோல்வி அது? எந்த வேலை? துறைமுகமா? வேறு ஏதாவதா? வீட்டு விஷயமா? நாம் செய்த ஏதாவதா? சூப்புக் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்கிறோம். ஒருநாள் தே-யோன் ஏதோ ஊகித்துச் சொல்ல வந்தான், “வாயை மூடுடா” என்று கத்திவிட்டேன். கத்தி என்ன ஆகப்போகிறது? அவருடைய வேலைகளெல்லாம் எனக்குத் தெரியும், கெட்டுப்போனது ஒன்றும் எனக்குத் தெரியாது. மா ஐயாவையே கேட்டேன். அவர் சொன்னார்: “என்கிட்டயும் சொல்லல தலைவரே. கேட்டுப் பார்த்தேன். ‘இதை வியாழக்கிழமைக்காரங்ககிட்டதான் சொல்ல முடியும். நீங்க பரவாயில்லன்னு சொல்லிடுவீங்க’ன்னுட்டா.”

கேட்டீர்களா, தோழர்களே? கட்டிய கணவரிடம்கூடச் சொல்ல முடியாததை நம்மிடம் சொல்ல மாடியேறி வந்தார்! இத்தனை ஆண்டுகள், எல்லாருடைய தோல்வியையும் உட்கார்ந்து கேட்டவர். உலகத்தில் அவர் சொல்வதைக் கேட்கத் தெரிந்தவர்கள் பன்னிரண்டு பேர்தான், அந்தப் பன்னிரண்டு பேரும் கை தூக்கினோம். ரயில் போட்டோம், கஞ்சி போட்டோம், மண்டபம் போட்டோம். அவர் கேட்டது ஒரு மாலை நேரம், ஒரு நாற்காலி. அது எந்தக் கட்டத்திலும் இல்லை.

இறுதிச் சடங்கு மண்டபத்தில் மா ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பரவாயில்ல தலைவரே, நீங்க எல்லாரும் நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க” என்றார். நான் சுற்றிமுற்றிப் பார்த்தேன். கிண்ணத்தைத் தட்ட ஆள் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் கடைசியாக ஓர் உறுதி எடுக்க வேண்டும். எடுப்போம். தோல்வி வியாழன் நிற்காது. நவம்பரில் மேல்மாடி திறந்திருக்கும், சூப்பு கொதிக்கும், கிண்ணமும் கரண்டியும் மேசைமேல் இருக்கும். ‘இன்றைக்கு நான் பேசுகிறேன்’ என்று எவர் வந்து சொன்னாலும், நோயாளியோ, நேற்றுச் சேர்ந்த உறுப்பினரோ, அன்றைக்கே பேச விடுவோம். கமிட்டி கூடாது, கை தூக்கக்கூடாது. இது பூசான் சங்கத்தின் உறுதி! இதனால் ஓக் அம்மையாருக்கு என்ன கிடைக்கப்போகிறது? ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

என் கதை முடிந்தது. என் இடப்பக்க நாற்காலியில் யாரும் இல்லை, நீங்களே பார்க்கிறீர்கள். அதனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை வீட்டுக்குப் போய் அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி நிரலை நாங்கள் மாற்றவில்லை, அச்சடித்தது அச்சடித்ததுதான். அடுத்துப் பேசுபவர் செயலாளர் ஓக் மி-ரான். அவருக்கு ஒதுக்கிய நேரம் முடியும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆறுதல் சொல்லாதீர்கள், பக்கத்தில் அழுகிறவரிடம்கூடச் சொல்லாதீர்கள். கேட்கத் தோன்றினால் ‘அப்புறம்?’ என்று கேளுங்கள்.

செயலாளரம்மா, கை தூக்கினவர்கள் எல்லாரும் வந்திருக்கிறோம். நான் இறங்குகிறேன். தே-யோன், மைக்கை அணைக்காதே.