இரண்டாவது வரி

மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். சாந்தோமில் கடற்காற்று நாலு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும்.

நான் முப்பத்தோரு வருடம் பள்ளியில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தவள். பழைய துப்பாக்கிகளுக்கு வயது சொல்வது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வேலை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இரட்டைக்குழல் துப்பாக்கிகள் சில குடும்பங்களில் இன்னும் உண்டு. உரிமம் உள்ளவர்கள் எடுத்து வருவார்கள். குழலைக் கழற்றி, அடிப்பக்கத்தில் குத்தியிருக்கும் சோதனை முத்திரைகளை லென்ஸில் பார்ப்பேன். கிரீடமும் குறுக்காக இரண்டு ஓலைக்கிளைகளும் இருந்தால் பிரான்ஸில் சேன்-எத்தியேன் ஊரில் சோதித்தது. கிரீடத்தின் கீழே பி, டி என்ற எழுத்துகளும் இருந்தால் இன்றைய புகையில்லாத வெடிமருந்தையும் தாங்கும். அநேகமாக 1900-க்குப் பிந்தையது. அவை இல்லையென்றால் பழைய கரிமருந்துக்கு மட்டும்தான். இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்துவிடலாம்.

அதனால் என் சீட்டில் எப்போதும் இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் வருடம். இரண்டாவதில் எந்த மருந்து என்று எழுதுவேன்.

என் தங்கை ஃப்ளோரன்ஸ் ஐம்பத்து மூன்று வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பிலிப்புக்கு ஏற்காட்டில் காப்பித் தோட்டம். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. அம்மா போனபிறகு பத்தொன்பது வருடம் இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்பது அவளுக்கே தெரியாது. அப்படிப்பட்டவளை மலைமேல் கொண்டுபோய் வைத்தால் யார் பார்ப்பது? எனக்கு வருத்தம் இருந்தது. கோபம் என்று சொல்ல முடியாது.

ஈஸ்டருக்கு இருவரும் வந்தார்கள். பிலிப் தன் தாத்தாவின் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தார். தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லையாம். வானத்தைப் பார்த்துச் சுட்டால் ஓடிவிடுமாம். குழலைக் கழற்றிப் பார்த்தேன். ஓலைக்கிளைகள் இருந்தன. பி, டி இல்லை. '1880-களைச் சேர்ந்தது' என்று சீட்டில் எழுதினேன். அது சரியான காலம்தான், யாரிடம் வேண்டுமானாலும் காட்டிப் பாருங்கள். அதோடு பேனாவை மூடி வைத்தேன்.

"புதுத் தோட்டா போட்டுச் சுடலாம்லக்கா?" என்று கேட்டார். ஃப்ளோரன்ஸ் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"தாராளமா சுடுங்க," என்றேன்.

மூன்றாவது தோட்டாவில் வெடித்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே பிலிப் போய்விட்டார். அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஃப்ளோரன்ஸுக்கு இடது காது போய்விட்டது. அவள் அங்கே நிற்பாள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போகிறது.

நீங்கள் வைத்திருக்கும் அந்தச் சீட்டு அவளுடைய ஜெபப்புத்தகத்துக்குள் இருந்தது. உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை. எங்காவது தவறி விழுந்திருக்கும். ஆமாம், வெடிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பேசலாம் என்று அவளுடைய வலப்பக்கம் போய் உட்கார்ந்தால், அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கேட்காத காதை என் பக்கம் வைத்துக்கொள்கிறாள். எந்தக் காது என்பது பழகக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரையாவது நான் வீட்டில் இருக்க வேண்டும், மேடம். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?