ஒத்திவெச்ச யானை வழக்கு

பூங்கொடி: பிரிக்காத எல்லப்பா. கிருஷ்ணகிரி போயி பிரிச்சுக்கலாம்.

எல்லப்பன்: மொகத்த மட்டும் பாத்துட்டு மூடிடறேன். ஃப்ரேம் கடைக்காரன் சுத்திக் குடுத்ததுல இருந்து கை துறுதுறுங்குது.

பூங்கொடி: ஓடுற பஸ்ஸுல… சரி, அந்த ஜன்னல சாத்திட்டுப் பிரி. பைய.

எல்லப்பன்: பேப்பரு ஒட்டிக்கினு இருக்குது… இரு… வந்துருச்சு. பூங்கொடி…

பூங்கொடி: என்ன, கண்ணாடி கீறிருச்சா?

எல்லப்பன்: கண்ணாடி நல்லாத்தான் இருக்குது. நீ ஸ்டூடியோவுல எந்த போட்டோவக் குடுத்தே?

பூங்கொடி: மங்கி குல்லா போட்டதுதான். அத விட்டா சார் போட்டோ வேற ஏது? குல்லாவ கம்ப்யூட்டர்ல எடுத்துட்டு கறுப்பு கோட்டு மாட்டித் தரேன்னான்.

எல்லப்பன்: கோட்டு மாட்டிட்டான். குல்லாவயும் எடுத்துட்டான். எடுத்த எடத்துல முடி வெச்சிருக்கான்.

பூங்கொடி: என்னத்த வெச்சிருக்கான்?

எல்லப்பன்: முடி. அடர்த்தியா. வகிடு வேற எடுத்திருக்கான்.

பூங்கொடி: குடு இங்கிட்டு… அடப்பாவி. வழுக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேனே. குல்லாவுக்குக் கீழ முடி இருக்கும்னு அவனா நெனச்சுக்கிட்டான்.

எல்லப்பன்: சின்ன வயசுல இருந்திருக்கும் விடு.

பூங்கொடி: சாட்சி யாரு?

எல்லப்பன்: அப்படியே சார் கொரல்ல கேக்கறே பாரு.

பூங்கொடி: "மழை வருது சார்"னு சொன்னாக்கூட சாட்சி கேப்பாரே. நனைஞ்ச தலையக் குனிஞ்சு காட்டினாத்தான் கிளாசுக்குள்ள விடுவாரு.

எல்லப்பன்: அதே மனுசன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து தூங்கறவன எழுப்ப மாட்டாரு. "அவன் எட்டு மணி நேரம் மெஷின்கிட்ட நின்னவன், மெதுவாப் பேசுங்க"ம்பாரு. நான் தூங்கின பாடத்த மறுநா என்னையே நடத்தச் சொன்னாரு.

பூங்கொடி: நீ நடத்தினே, நாங்க எல்லாரும் தூங்கினோம்.

எல்லப்பன்: கிண்டல் பண்ணு. அதையே ரெண்டு நிமிசப் பேச்சுல சொல்லப் போறியா?

பூங்கொடி: இல்ல. நான் நாய் கதையச் சொல்லப் போறேன்.

எல்லப்பன்: வேணாம் பூங்கொடி. வக்கீல் சங்கத் தலைவரு போன்லயே சொல்லிட்டாரு. படத்திறப்பு, ஜட்ஜுங்கல்லாம் வராங்க, நாய் வேணாம்னாரு.

பூங்கொடி: மத்தவங்கல்லாம் 'அன்னார்'னு ஆரம்பிச்சு 'பேரிழப்பு'ன்னு முடிப்பாங்க. யாரைப் பத்தி வேணாலும் அப்படிச் சொல்லலாம். நாய் கதை நம்ம சாருக்கு மட்டும்தான் பொருந்தும்.

எல்லப்பன்: அது நடந்துச்சான்னே தெரியாதே. சார் கிளாசுல சொன்னதுதான. வேற யாராச்சும் பாத்தாங்களா?

பூங்கொடி: கால்ல தழும்பு இருந்துச்சு.

எல்லப்பன்: தழும்பு கடிச்சதுக்குச் சாட்சி. கேசுக்குச் சாட்சி இல்ல.

பூங்கொடி: ஒன்னை சார் கெடுத்து வெச்சிருக்காரு.

கண்டக்டர்: டிக்கெட், டிக்கெட்… இது என்ன, சீட்டுல நட்டநடுவுல? கண்ணாடியா?

எல்லப்பன்: படம் அண்ணா. கிருஷ்ணகிரி ரெண்டு.

கண்டக்டர்: ஆளு எறங்கி ஏற எடம் வேணும். லக்கேஜ் போட்டுக்கறேன். யாரு இது, கட்சிக்காரரா?

பூங்கொடி: ஜட்ஜுங்கண்ணா. வெங்கடப்பன் சாரு. ரொம்ப வருஷம் முன்னாடி ஓசூர்ல முன்சீப்பா இருந்தாரு, அப்புறம் ஜில்லா ஜட்ஜு. ரிட்டையர் ஆகி, பார்டர் தாண்டி ஈவினிங் காலேஜ்ல எங்களுக்கு லா சொல்லிக் குடுத்தாரு. போன மாசம் தவறிட்டாரு. இன்னிக்கு கோர்ட்டுல படம் தொறக்கறாங்க.

கண்டக்டர்: வெங்கடப்பன் ஜட்ஜா? அவரு தலையில முடி இல்லியேம்மா.

எல்லப்பன்: நீங்க பாத்திருக்கீங்களா?

கண்டக்டர்: எங்க மச்சான் வழித்தட கேசுல நான் கூடவே போனவன். சூளகிரிக்கு அந்தாண்ட எங்க ஊரு. பக்கத்துக் காட்டுக்காரன் வழி என்னுதுங்கறான், எங்க மச்சான் என்னுதுங்கறான். இந்த மனுசன், நானே வந்து பாக்கறேன்னு வந்துட்டாரு.

பூங்கொடி: நாய்…

கண்டக்டர்: ஆமா, நாயி. உங்களுக்கு எப்படித் தெரியும்?

பூங்கொடி: நீங்க சொல்லுங்கண்ணா, நீங்க சொல்லுங்க.

கண்டக்டர்: வழியில குறுக்கப் படுத்துக்கினு இருந்துச்சு. எங்க மச்சானப் பாத்து வால ஆட்டுச்சு. அந்தப் பக்கத்து ஆளப் பாத்து உறுமுச்சு. ஜட்ஜு போனாரு, கால்ல ஒரு புடி. அவன் வக்கீலு கோர்ட்டுல எந்திரிச்சு, வாதியோட நாய் கடிச்ச ஜட்ஜு எப்படித் தீர்ப்பு சொல்லலாம்னு கேட்டான்.

எல்லப்பன்: "கடிச்சது என்னை. கோவமும் என்னுது…"

கண்டக்டர்: "…வழி வாதியோடது." அதேதான் சொன்னாரு. தெனம் அந்த வழியில யாரு போறாங்கன்னு நாய்க்குத் தெரியுதேன்னாரு. அப்பீலுக்குப் போயி அங்கியும் அந்தத் தீர்ப்பு நின்னுச்சு. லக்கேஜ் வேணாம் போங்க.

பூங்கொடி: வேணாம்ணா, போடுங்க. சாரு இருந்தா சும்மா வர மாட்டாரு.

கண்டக்டர்: அதுவும் சரிதான். இந்தாங்க… முடிய மட்டும் ஏதாச்சும் பண்ணுங்க. நல்லாவே இல்ல.

பூங்கொடி: பாத்தியா, பாத்தியா? சாட்சி கெடைச்சாச்சு. பஸ்ஸோட வந்து நிக்குது சாட்சி.

எல்லப்பன்: சரி, நாய் உண்டு. ஒத்துக்கறேன். எனக்கே சிலுத்துக்கிச்சு.

பூங்கொடி: முடிக்கு என்ன பண்றது?

எல்லப்பன்: மாலைய ஏத்திப் போட்டு மறைச்சுடலாம்.

பூங்கொடி: மாலை நெத்திக்கு மேல போனா சாமியாராட்டம் இருப்பாரு. இருக்கட்டும். நானே மைக்குல சொல்லிடறேன், இந்த முடி போலி ஆவணம்னு. சார் சிரிச்சிருப்பாரு.

எல்லப்பன்: சிரிச்சிருப்பாரு…

பூங்கொடி: ஏன் கொரல் எறங்குது?

எல்லப்பன்: ஒண்ணுமில்ல. நம்ம கேசுக்குத் தீர்ப்பு சொல்லாமயே போயிட்டாரேன்னு நெனச்சேன்.

பூங்கொடி: யானை கேசு.

எல்லப்பன்: கிளாசுல மாதிரி வழக்குக்கு மத்த பசங்க எல்லாம் வக்கீலா நின்னு பேசினப்ப, சார் ஜட்ஜா உக்காந்து மறுநாளே தீர்ப்பு சொல்லிட்டாரு. நம்முது மட்டும் ரெண்டு வருசமா ஒத்திவெச்சாரு. காரணம் கேட்டா குல்லாவ இழுத்து விட்டுக்கினாரு.

பூங்கொடி: நீ பேசினது புரிஞ்சிருக்காது.

எல்லப்பன்: நல்லாப் புரிஞ்சுது. கர்நாடகா காட்டுல இருந்து யானை வருது. ஜவளகிரியில எங்கப்பா போட்ட கேவுரு பயிரத் தின்னுட்டு, வேலிய மிதிச்சுட்டுப் போவுது. நஷ்டஈடு குடுக்க வேண்டியது நம்ம ஃபாரஸ்ட்காரங்க.

பூங்கொடி: நான் ஃபாரஸ்ட் வக்கீல். யானை எங்களுது இல்ல. கர்நாடகாகிட்டப் போயி கேளுங்க.

எல்லப்பன்: எங்க மண்ணுல வந்து தின்னா எங்க யானை.

பூங்கொடி: ரேஷன் கார்டு காட்டச் சொல்லு பாப்போம்.

எல்லப்பன்: நீ மட்டும் எந்த ஊரு? அருப்புக்கோட்டையில இருந்து உங்கப்பா ஃபேக்டரி வேலைக்கு வந்தாரு. இங்கத்த தண்ணி குடிச்சே, இங்கத்த குளுருல சொட்டர் போட்டே. இப்ப உன்னை எந்த ஊரு ஆளும்பாங்க?

பூங்கொடி: என்னையும் யானையையும் ஒண்ணாச் சேக்கற. இதுக்கே ஒன்னைத் தோக்க வெச்சிருக்கணும்.

எல்லப்பன்: தோத்தா நான் உங்க ஊட்டுக்கு வரணுமே.

பூங்கொடி: அதான பந்தயம். தோத்தவங்க ஜெயிச்சவங்க வீட்டுக்குத் தனியாப் போயி கல்யாணத்துக்குக் கேக்கணும். செக்போஸ்ட் டீக்கடையில அன்னிக்கு அவ்வளவு தைரியமாப் பேசினே.

எல்லப்பன்: நீயுந்தான் பேசினே. கேசு ஜெயிக்கற தெனாவட்டுல.

பூங்கொடி: மெதுவாப் பேசியிருக்கலாம். பக்கத்து பெஞ்சுல சாரு முதுகக் காட்டிட்டு டீ குடிச்சிட்டிருந்தாரு.

எல்லப்பன்: காத மூடி குல்லா இருந்துச்சே. அவருக்கு ஒண்ணும் விழுந்திருக்காது.

பூங்கொடி: ம்… மாசக் கடைசியில லாரி வருது எல்லப்பா.

எல்லப்பன்: தெரியும்.

பூங்கொடி: அப்பா வி.ஆர்.எஸ். வாங்கினதும் ஊருக்கே போயிடலாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. யாராச்சும் வந்து பேசினா நான் இங்கிட்டே இருப்பேன். யாரு வரணும்ங்கறதுக்குத்தான் தீர்ப்பு இல்ல.

எல்லப்பன்: பீரோவக் கூட கயிறு போட்டுக் கட்டியாச்சு, இனி எங்க…

பூங்கொடி: பீரோ கட்டினது ஒனக்கெப்படித் தெரியும்?

எல்லப்பன்: காலி பண்ற ஊட்ல பீரோவக் கட்டாம என்ன பண்ணுவாங்க?

பூங்கொடி: கயிறுன்னு சொன்னே.

எல்லப்பன்: பின்ன என்ன, பூவுலயா கட்டுவாங்க? நீ எதுக்குக் குறுக்கு விசாரணை பண்றே? ஞாயித்துக்கெழம போனு அடிச்சேன், எங்க போயிருந்தே?

பூங்கொடி: எப்ப அடிச்சே?

எல்லப்பன்: சாயங்காலம்.

பூங்கொடி: பிரவீனா அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தேன். டவர் இல்ல அங்கிட்டு.

எல்லப்பன்: கல்யாண மண்டபத்துல டவர் இல்லியா?

பூங்கொடி: மண்டபமே இல்ல, கோயில்ல. விடேன். சார் ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீ போயி பாத்தியா?

எல்லப்பன்: ஒரு புதன்கெழம போனேன். நீ?

பூங்கொடி: நானும் போனேன். ஆரஞ்சு வாங்கிட்டு.

எல்லப்பன்: நம்ம கேசப் பத்தி ஏதாச்சும் கேட்டியா?

பூங்கொடி: அந்த நெலமையில எப்படிக் கேக்கறது. நீ?

எல்லப்பன்: நானும் கேக்கல.

பூங்கொடி: அப்ப யாருக்கும் தெரியாது.

எல்லப்பன்: யாருக்கும் தெரியாது.

பூங்கொடி: எனக்கென்னமோ உங்க பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு இப்ப தோணுது. கெழக்கால வேலிக்கல்லு ரெண்டு அப்படியே பேந்து சாஞ்சு கெடக்குது, பாவம், தூக்கி நிறுத்தக்கூட ஆளில்லாம…

எல்லப்பன்: அது சாஞ்சது போன வாரம்.

பூங்கொடி: நீதான் வாதம் பண்றப்ப சொன்னே.

எல்லப்பன்: வாதம் பண்ணி ரெண்டு வருசம் ஆவுது. போன வாரம் யானை வந்தத நான் உங்கிட்ட சொல்லவே இல்ல.

பூங்கொடி: யானை வர ஊருல கல்லு சாயாம நட்டுக்கிட்டா நிக்கும்? அங்க பாரு, மாங்கா மண்டி வர ஆரம்பிச்சிருச்சு. ஊரு கிட்ட வந்தாச்சு. படத்தச் சுத்து.

எல்லப்பன்: சுத்தறேன். அதுக்கு முன்னாடி… சாரு நடுவுல உக்காந்திருக்கறப்பவே சொல்லிடறேன். உங்கப்பாவும் உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னாரு. மாசக் கடைசி வரைக்கும் மனசுல வெச்சுக்க முடியாது.

பூங்கொடி: எங்கப்பாவா?

எல்லப்பன்: நான் கேட்டேன் பூங்கொடி. அந்தப் புதன்கெழம, நம்ம கேசு என்னாச்சு சார்னு கேட்டேன். மூக்குல டியூப்பு. கைய ஆட்டிக் கிட்டக் கூப்பிட்டாரு. "நீ தோத்துட்டே எல்லப்பா. அப்பீல் கெடையாது"ன்னாரு.

பூங்கொடி: உன்னையா சொன்னாரு?

எல்லப்பன்: ரெண்டு மூணு வாரம் பயந்துக்கினே சுத்தினேன். லாரின்னு நீ சொன்னதும் தாங்கல. ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்குப் போயிட்டேன். நீ இல்ல. உங்கப்பா தனியா பீரோவக் கட்டிக்கினு இருந்தாரு. வாசல்ல நின்னுக்கினே கேட்டுட்டேன்.

பூங்கொடி: என்ன சொன்னாரு?

எல்லப்பன்: கயித்து முனைய எங்கையில குடுத்து, இழுத்துப் பிடின்னாரு. முடிச்சு போட்டு முடிச்சாரு. அப்பறம் நெத்தியத் தொடச்சுக்கினு, "அவ வாயால சொல்லட்டும், லாரிய வேணாம்னு சொல்லிடறேன்"னாரு. உன்னக் கேக்காம போனது தப்பா? அழுவறியா, சிரிக்கறியா? மொகத்த ஜன்னல் பக்கம் திருப்பிக்கினா எனக்கு என்ன தெரியும்?

பூங்கொடி: இரு… மூச்சு வாங்கிக்கறேன். பிரவீனாவுக்கு அக்காவே கெடையாது எல்லப்பா. ஞாயித்துக்கெழம நான் ஜவளகிரியில உங்க வீட்ல இருந்தேன். உங்கம்மா என்னை ஃபாரஸ்ட் ஆபீஸ்ல இருந்து வந்தவன்னு நெனச்சு, நஷ்டஈடு எங்கடின்னு தெலுங்குல வெளுத்து வாங்கிட்டு, சாஞ்ச கல்லு வரைக்கும் இழுத்துட்டுப் போயி காட்டினாங்க. வந்த விஷயத்தச் சொன்னதும் களி போட்டு உக்கார வெச்சு, "அவன் வாயால சொல்லட்டும்"னாங்க. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டுப் போன அன்னிக்கு நானும் நம்ம கேசப் பத்திக் கேட்டேன். என்னையும் கைய ஆட்டித்தான் கிட்டக் கூப்பிட்டாரு… "நீ தோத்துட்டே பூங்கொடி, அப்பீல் கெடையாது"ன்னாரு.