புகைக்குழாயில் ஒரு கூடு

இந்த ஊரில் நடைபாதைகள் அகலம். கல்லூரியில் சேர வந்த முதல் நாளே எனக்கு அது பிடித்துப்போயிற்று. படிப்பு முடிந்து ஆறு வருடமாகியும் நான் ஏன் கிளம்பவில்லை என்று அம்மா கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

"அந்த ஊர்ல உனக்கு இன்னும் என்னடி வச்சிருக்கு?"

"நடக்க நல்லா இருக்கும்மா."

"இங்க நாங்கல்லாம் என்ன பறந்துட்டா இருக்கோம்?"

அம்மா கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் என் அறைத்தோழி இறந்தது இந்த ஊரில். அவளை இங்கே தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. விடுதியில் அவளை நெட்டச்சி என்போம். குளியலறைக் கதவை உடைத்து அவளைத் தூக்கிப் போனபோது கால்கள் ஸ்ட்ரெச்சருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கேஸ் கீசரின் புகைக்குழாயைப் புறாக்கூடு அடைத்திருந்தது. வெளியே போக வேண்டிய விஷவாயு உள்ளேயே தங்கிவிட்டது. அதற்கு மணம் கிடையாது. கீசரில் தொங்கிய சர்வீஸ் அட்டையில், பத்து நாள் முன்பு எல்லாம் சோதித்தாயிற்று என்று மெக்கானிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கூட்டில் இருந்ததோ பல மாதக் குப்பை. அவர் அந்தக் குளியலறைக்குள் கால் வைக்கவே இல்லை. அட்டை சரியாக இருக்கிறது என்று சொல்லி விசாரணையில் அவரை விட்டுவிட்டார்கள்.

நான் மாலை வகுப்பில் சேர்ந்து கீசர் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டேன். என் நாட்குறிப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது, பாருங்கள், ஒரு வகுப்பும் தவறவில்லை. எனக்கு என் மேல் நம்பிக்கை குறைவு. ஒரு திருகை முடுக்கினால் மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். "போதும் தாயே, அது அழுதுடும்" என்பார் ஆசிரியர்.

அந்த மெக்கானிக் வேலை பார்த்த நிறுவனத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் வீடு இருக்கும் பகுதியை நான்தான் கேட்டு வாங்கினேன். அதை மறைக்கவில்லை.

இரண்டு முறை அந்த வீட்டு கீசரை ஒழுங்காகவே சோதித்தேன். எதையாவது தளர்த்திவிடுவதோ அடைத்துவைப்பதோ என் குணத்தில் இல்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான். கோடை முழுக்க கீசரை அணைத்து வைத்திருந்தவர்கள், மறுபடி போடும் முன் பார்க்கச் சொல்லிப் போன செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டார்கள். டார்ச் அடித்தேன். புகைக்குழாய்க்குள் சுள்ளிகள். முழு அடைப்பு.

கூடத்திலிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தார்.

"எவ்வளவு நேரம்மா குடையற? அட்டையில கையெழுத்தப் போட்டுட்டு வந்து டீயக் குடி. நாங்கல்லாம் வீட்டுக்குப் போகாமலே எத்தன அட்டையில போட்டிருக்கோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். விசாரணை நடந்த மூன்று நாளும் நான் அவருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் சொன்னபடியே செய்தேன். தேதியை மட்டும் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டேன்.

வெளியே அவர் மகள் தோளில் துண்டோடு நின்றாள். என் கல்லூரிதான், முதல் வருடம். அவர் குளிக்கப்போகிறார் என்று நினைத்ததாக நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். அது பொய். அவர் உயிரோடு இருக்க வேண்டும். வெகுகாலம் இருக்க வேண்டும்.

"அக்கா, முடிஞ்சுதா? எனக்கு எட்டரைக்கு க்ளாஸ்."

"ஆச்சு. குளிம்மா."

ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர் விழும் சத்தம். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன். எட்டே முக்காலுக்குக் கதவை உடைத்தார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தும் வாய் திறக்காதவர்களுக்கு வேறு பெயர் கிடையாது.

அன்று விடுதியில் நெட்டச்சிக்கு முன்னால் குளித்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். கீசர் அணைந்து அணைந்து எரிந்ததையும் பார்த்திருந்தேன். அவள் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தாள். "தண்ணி நல்லா சூடா இருக்கு, போடி" என்றேன்.

அது வேறு விஷயம், சார்.