உயாங்காவின் பை

டீயக் குடிங்க தம்பி, எங்க ஊரு உப்பு டீ. ஆறிட்டா வெறும் உப்புதான் நாக்குல நிக்கும்.

ஆமா, அந்த எலும்பு கெடச்சது கிழக்கு மேடுன்னு சொன்னது நாந்தான். மூணு கோடையா தோண்டுறீங்க, ஒரு பல்லுகூட அகப்படலையா. ம்.

அந்த எலும்பக் கொண்டாந்திருக்கீங்களா? குடுங்க, ஒரு தரம் தொட்டுக்கறேன். இத்துனூண்டு. அந்த மிருகம் முயல் அளவுதான் இருந்திருக்கும், கொம்பு கிடையாதுன்னீங்க. மூணரைக் கோடி வருஷம், அசைபோடுற அத்தனைக்கும் ஆதி இதுதான்னீங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பாருங்க, மேலயும் கீழயும் உருளை, நம்ம ஆட்டுக் கணுக்கால் எலும்பேதான். இப்படி விழுந்தா குதிரை, அப்படி விழுந்தா ஒட்டகம். இந்த கோபிப் பாலைவனத்துல புள்ளைங்களுக்கு உருட்டி விளையாட வேற என்ன இருக்கு.

அதான் எங்க கூடாரத்துல அந்த ஆட்டெலும்புப் பையக் கொட்டினதும், நடுவுல இதப் பாத்துத் துள்ளிட்டீங்க. பை உயாங்காவோடது. எம் மக. ஒரே புள்ள. ஆறு வயசு. நீங்க இங்க வர்றதுக்கு முந்தின குளிர்ல காய்ச்சல் வந்துச்சு, நாலே நாள்.

எங்கள்ல பொம்பளைங்க அடக்கத்துக்குப் போகக்கூடாது. போன ஆம்பளைங்களும் திரும்பிப் பாக்காம வந்துரணும். அப்புறம் அந்தப் பக்கமே தலவச்சுப் படுக்கமாட்டோம். போனா, போன உசிரு பின்னாலயே வந்துரும்பாங்க.

எங்க வீட்டுக்காரரா? ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டப் போயிருக்காரு. அவருக்கு எதுவும் தெரியாது. அதான் இப்பவே சொல்லிடறேன்.

பைல எண்ணிப் பாத்தேன், ஒண்ணு கொறஞ்சுது. அவ எப்பவும் கைல ஒண்ணப் புடிச்சுக்கிட்டுதான் தூங்குவா. மனசு கேக்கல தம்பி. பனி கரஞ்சதும் ஆடு தேடுற சாக்குல அவளப் பொதச்ச எடத்துக்குப் போனேன். மண்ணு மேலயே கெடந்துச்சு. அவ வெளிய வந்து விளையாடிட்டுப் போட்ட மாதிரி. எடுத்து மடியில கட்டிக்கிட்டு ஓடிவந்துட்டேன். பாதி வழியிலதான் கனம் தெரிஞ்சுது. கல்லு.

திரும்பக் கொண்டுபோய் வைக்க தைரியம் வரல. பையிலயே போட்டுப் பெட்டியில வச்சேன். அன்னையிலேர்ந்து பெட்டிக்குள்ள எலும்பு உருளுற சத்தம். நீங்க இத எடுத்துக்கிட்டுப் போன பொறவும் நிக்கல. அவரு எலிங்கறாரு.

எங்க கெடச்சுதுன்னு அன்னைக்கு நீங்க கேட்டப்ப அவரும் பக்கத்துல நின்னாரு. நான் என்னன்னு சொல்ல? வாயில வந்தது கிழக்கு மேடு.

மேக்கால போங்க. வறண்ட ஓடை தாண்டி ஒரு செஞ்சரிவு, அங்க ரெண்டு கல்லு அடுக்கியிருக்கும். உங்களுக்கு வேணுங்கறதெல்லாம் அங்க இருக்கும். மெதுவாத் தோண்டுங்க தம்பி. கல்லாகாத எலும்பு வந்துச்சுன்னா நிறுத்திருங்க. கைக்குள்ள ஒரு ஆட்டெலும்பு இருக்கும். அத மட்டும் புடுங்கிராதீங்க.