பின்சந்துக் கொட்டாய்

ஹலோ... ஹலோ, கவுன்சில் ஆபீசா? கிராணி, அதான் கிளார்க்கு, டொமினிக் வேணும்... நான் அவரோட அக்கா ஹில்டா. செமோர்லேருந்து பேசுறேன்... ஆமா, ஆமா, அவசரம்தான். கொஞ்சம் கூப்பிடுங்க லா...

டொமினிக்கா? தம்பி, உங்க ஆளுங்க காலையில வந்து எங்க கொட்டாய இடிச்சுப் போட்டுட்டானுங்கடா!... எந்தக் கொட்டாயா? வீட்டுக்குப் பின்னால, பெரியநாயகம் அத்தான் படுத்துக்கிற கொட்டாய்தான்... ஆமா, முழுசா. தகரத்த எல்லாம் லோரியில ஏத்திட்டுப் போயிட்டானுங்க. அவரு பாயி, அந்தோணியார் படம், எல்லாம் லோங்காங் சாக்கடை ஓரத்துல ஈரத்துல கெடக்கு...

கேட்டேன், கேக்காம இருப்பேனா? வேலிய ஒட்டிக் கட்டக் கூடாதாம். பிளான் போட்டு பாஸ் வாங்கியிருக்கணுமாம். சாமான் வைக்கிற கொட்டாய்ல மனுசன் படுக்கக் கூடாதாம். என்ன கேட்டாலும் தாக் போலே, தாக் போலே, முடியாதுங்கிறான்... சரி, சட்டம்தான், இல்லங்கல. பக்கத்து வீட்டு கண்ட்ராக்டர் லோங்காங் மேலயே செங்கல் ஸ்டோரு கட்டியிருக்கானே, அது எந்தப் பிளான்ல இருக்கு? அந்த ஸ்டோரு நெழல்ல நின்னுதான் உங்க ஆபீசர் தண்ணி வாங்கிக் குடிச்சான். சீ!

...என்னது? புகார் வந்துச்சா?... இரு, இரு லா. அதான் நானும் யோசிக்கிறேன். அந்த ஆளு நேரா உள்ள போயி, கட்டிலுக்கு அடியில கைய வுட்டு மண்ணெண்ணெய் அடுப்ப எடுத்தான்டா. தேடவே இல்ல. அது அங்க இருக்கிறது வேற யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து, அத்தான் கையால காப்பி வாங்கிக் குடிச்சியே, ஒனக்குத்தான் தெரியும்.

...

டொமினிக்?

...

நீயா?... வாயத் தொறந்து சொல்லு. நீயா?

...மவளப் பொண்ணு பாக்க வர்றாங்க, அதுக்கு?... ஓ. சந்துக்கு அந்தப் பக்கம் ஒன் குசினி ஜன்னலத் தொறந்தா, கைலியக் கட்டிக்கிட்டு அவரு நிக்கிறது தெரியுதோ? ஒனக்கு அது அசிங்கமா இருக்கோ? தூ!... கத்துவேன்டா. இந்தச் சீனத் தவுக்கே கடை முழுக்கக் கேக்கட்டும். அவரு யாருடா? ஒன் மச்சானோட, என் புருசனோட, கூடப் பொறந்த அண்ணன்! தோட்டத்த வித்து லயத்து வீட்ட இடிச்சப்ப, போக்கிடம் இல்லாம எங்ககிட்ட வந்தவரு. இப்ப நீயும் இடிச்சிட்ட...

வார்னிங் மட்டும் குடுப்பாங்கன்னு நெனச்சியா?... ம்... ம்... என்ன? நீயே பிளான் போட்டு பாஸ் வாங்கித் தர்றியா? மறுபடி கட்டலாம், அவரு மட்டும் அதுல இருக்கக் கூடாதா?... சீச்சீ! அந்தப் பாஸ நீயே வச்சுக்கடா.

வேணாம். அத்தான் எங்க ஹால்ல படுத்துக்குவாரு. அதுக்கு எவன் பாஸும் தேவையில்ல...

இப்பவா? கீழ கெடக்குற ஆணியப் பொறுக்கிக்கிட்டு இருக்காரு, புள்ளைங்க கால்ல குத்திடும்னு. நான் போன் பண்ணக் கெளம்புறப்ப கூப்பிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "டொமினிக்க இதுல இழுக்காதம்மா. என்னால அவன் வேலைக்கு எதாச்சும் வந்துடப் போவுது"ன்னாரு.

...

அழுவாத. அழுது என்ன ஆவப்போவுது?... இல்ல, நான் சொல்ல மாட்டேன். நீ வந்து சொல்லு... இன்னிக்கே. அவரு எதிர்ல ஒக்காந்து, ஒன் வாயால சொல்லு... இல்ல, இல்ல, சந்து வழியா வராத. முன்வாசல் வழியா வா.

வச்சிடுறேன்.